எட்டுக் கட்டு ஈர்க்குச்சி

போன வாரம் நம் லைன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்ததே, ஓசூர் பாகலூர் ரோட்டு ஓட்டு பங்களாவை ஜேசிபி இடிக்கிற போட்டோ, அதற்குக் கீழே உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "இதுதானே அந்த ஜெர்மன்காரங்க கிளப்பு? உங்க அப்பாவை செருப்புல தொடப்பம் வெச்சு வெரட்டுனாங்களே?" அதற்குப் பதினோரு பேர் அழுகிற முகம் போட்டிருந்தீர்கள். நான் பதில் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. மூட்டு வலி, சுகர், மருமகள் பஞ்சாயத்து எல்லாம் கூச்சமில்லாமல் குரூப்பில் பேசுகிறோம். இதை மட்டும் நான் இத்தனை வருஷமாகப் பேசவில்லை. நீங்கள் நம்பிக்கொண்டிருப்பது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா கம்பெனியில் ஃபிட்டர். ஆனால் கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட் ஆள். இந்த வித்தியாசம் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். பர்மனென்ட் ஆள் வீட்டில் காஸ் அடுப்பு, கான்ட்ராக்ட் ஆள் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு. குழாயடிச் சண்டையில்கூட கடைசியில் அந்த வார்த்தைதான் வரும்: "போடி, கான்ட்ராக்டு!" ஜனவரியில் சில பேரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று தீபாவளியிலிருந்தே பேச்சு. யார் யார் என்று எழுதுவது ஜெர்மன் சார் கையில். ஜெர்மனியிலிருந்து வந்த மெஷின்களைப் பொருத்தி ஓட விடுவதற்காகக் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தவர் அவர். அம்மா அந்த இரண்டு மாதமும் விளக்கேற்றும்போது வேறு எதையும் வேண்டவில்லை. "சாமி, அவரைப் பர்மனென்ட் பண்ணி வெச்சிரு, பாப்பாவுக்கு மொட்டை போடறேன்" என்று என் தலைமுடியைத்தான் பணயம் வைத்தாள். எனக்குப் பாவாடையைத் தாண்டிச் சொந்தமாக இருந்த ஒரே சொத்து அந்த முடி. ஆனாலும் போனால் போகட்டும் என்று நானும் கண்ணை மூடிக் கும்பிடுவேன்.

அந்த பங்களாவில் சனிக்கிழமை சாயங்காலம் ஜெர்மன் குடும்பங்கள் கூடும். ஏழெட்டுக் குடும்பம் இருக்கும். சுவரில் பறவை எட்டிப் பார்த்துக் கத்துகிற மரக் கடிகாரம், மூடி போட்ட பீங்கான் குவளைகள், பனி மூடின மலைப் படங்கள். பட்டையும் கிராம்பும் பிரியாணிக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, அங்கே பிஸ்கட்டில் அந்த வாசனை வந்ததும் அது இனிப்பா கறியா என்றே விளங்கவில்லை. உள்ளே நுழைந்தால் ஜெர்மன் பாஷை மட்டும்தான் பேச வேண்டும். பெரியவரோ சின்னவரோ, இங்கிலீஷோ வேறு எதுவோ வாயில் வந்துவிட்டால் ஒரு பச்சைக் காகிதத் தொப்பியை மாட்டிக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும். இந்த விதியைப் போட்டது ஜெர்மன் சாரின் சம்சாரம். நாமெல்லாம் ஜெர்மன் அம்மா என்போமே, அவர்தான் கிளப்புக்குத் தலைவி.

நான் எப்படி உள்ளே போனேன் என்று நீங்கள் அப்போதே பொறாமைப்பட்டீர்கள். கிளப்பின் தண்ணீர் மோட்டாரைச் சரி பண்ண ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனபோது ஸ்பேனர் பையோடு நானும் போனேன். அவர்கள் ஊரில் நவம்பரில் பிள்ளைகள் காகித விளக்கு ஏந்தி ஜோடி ஜோடியாகப் பாடிக்கொண்டு போவார்களாம். கிளப்பில் இருந்ததோ ஏழு பிள்ளைகள். ஏழுக்கு ஜோடி சேராதே. ஜெர்மன் அம்மா என்னைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், "எட்டு!" என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து என்னைக் கூட்டிப் போக ஜீப் வந்தது. அர்த்தம் தெரியாமல் சத்தத்தை மட்டும் பிடித்துப் பாடுவேன். ஒரு தடவைகூடத் தொப்பி போட்டதில்லை. பாட்டைத் தவிர வேறெதற்காவது வாயைத் திறந்தால்தானே தொப்பி?

அப்பா எனக்கு ஒரே ஒரு புத்தி சொல்லியிருந்தார். "பாப்பா, அங்க எதையும் தொடாத. எதையும் கேக்காத. குடுத்தா வாங்கிக்க. ஜனவரி வரைக்கும் நம்மளால ஒரு தப்பு வரக்கூடாது, புரியுதா?" புரிந்தது. அதனாலேயே அந்த பிஸ்கட்டை மெல்லும்போதுகூடச் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து ஊற வைத்து விழுங்கினேன்.

ஜெர்மன் அம்மாவுக்கும் ஒரு பயம் இருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. அவருடைய கடைசிப் பையனுக்கு நாலு வயது. அவனை வளர்த்தது கன்னடக்கார ஆயா. ஒரு நாள் மேஜையில் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டே அவனை எண்ணச் சொன்னார். அவன் தெளிவாக, "ஒந்து, எரடு, மூரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெர்மன் அம்மா சிரிக்கவில்லை. பச்சைத் தொப்பியை எடுத்தார், அவன் தலையைப் பார்த்தார், வைக்க மனமில்லாமல் தன் தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். அந்த முதுகைப் பார்த்தபோது, இவ்வளவு பெரிய அம்மாவுக்கு என்ன குறை என்று எனக்கு விளங்கவில்லை.

டிசம்பர் பிறந்தது. ஜீப் டிரைவர் அண்ணன் வந்து சொன்னார்: "பாப்பா, வர்ற சனிக்கிழமை ஒத்தைச் செருப்பு ஒண்ணு கொண்டாரணும். நல்லா தொடச்சி எடுத்துட்டு வா. பூட்ஸா இருந்தா நல்லது. அவங்க ஊர்ல ஒரு தாடிச் சாமியாரு வந்து அதுல முட்டாயி வெச்சிட்டுப் போவாராம்."

எனக்கு இருந்தது ஒரு ஹவாய் செருப்பு. அதிலும் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியது. அதில் மிட்டாயை எங்கே வைப்பது? ராத்திரியெல்லாம் இதே கவலை. எங்கள் வீட்டில் பூட்ஸ் என்றால் அப்பாவுடையதுதான். கம்பெனியில் கொடுத்தது. முனையில் இரும்பு வைத்து, குதிகாலில் வெள்ளை பெயிண்டால் அப்பாவின் டோக்கன் நம்பர் எழுதின பூட்ஸ்.

அந்த பூட்ஸைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. எங்கள் சொந்த ஊரான கல்லாவியில் அப்பாவின் அப்பா பண்ணை வேலை செய்தவர். நிலக்காரர்கள் தெருவைத் தாண்டும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் மறந்துபோய்ப் போட்டுக்கொண்டே நடந்துவிட்டார். அந்தச் செருப்பை அவர் தலையிலேயே தூக்கி வைத்துத் தெரு முனை வரை நடக்க விட்டார்கள். பின்னால் அழுதுகொண்டே போன அப்பாவுக்கு அப்போது என் வயதுதான். அதனால்தான், கம்பெனியில் பூட்ஸ் கொடுத்த மாதமே அப்பா அதை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போய் அந்தத் தெருவில் டக் டக்கென்று இரண்டு தடவை நடந்துவிட்டு வந்தார். வீட்டில் அதைத் தரையில் விட மாட்டார். பலகை மேல் பேப்பர் விரித்து வைப்பார். அம்மாகூட, "எனக்கு ஒரு பொடவை மடிக்க எடமில்ல, பூட்ஸுக்கு சிம்மாசனம்" என்று முனகுவாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா சாமல்பட்டியில் சொந்தக்காரர் வீட்டில் பேர் வைக்கிற விசேஷத்துக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை ஜெர்மன் சார் ஷிஃப்டைச் சுற்றி வந்து ஆட்களைப் பார்க்கப் போகிறார் என்பதால் பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுப் பலகையில் வைத்துவிட்டு, சாதாரணச் செருப்பில் போயிருந்தார். அம்மா குழாயடியில். நான் ஸ்டூல் போட்டு ஏறி, இடது கால் பூட்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறிவிட்டேன்.

சீக்கிரமாகவே போய்விட்டேன். கிளப் சமையலறையில் ஜெர்மன் அம்மா உட்கார்ந்திருந்தார். முன்னால் சந்தையில் வாங்கின புத்தம் புது ஈர்க்குத் துடைப்பம். அதைப் பிரித்து, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பிடிப் பிடியாகச் சேர்த்து, தங்கத் தாளும் சிவப்பு ரிப்பனும் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் ஏதோ மரத்துக் குச்சியில் செய்வதாம். குறும்பு செய்கிற பிள்ளையை மிரட்டுகிற பிரம்பு, ஆனால் விளையாட்டுக்கு. அதிலேயே ஒரு மிட்டாயும் தொங்கும். இங்கே அந்த மரம் கிடைக்கவில்லை. துடைப்பம் கிடைத்தது. மேஜையில் எட்டுக் கட்டு. நானே எண்ணினேன்.

அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மா அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "அம்மாவ், வேணாம்மா! செருப்புல கொண்டுபோய் இதப் போடுவாங்களா? பெத்தவங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெர்மன் அம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. துடைப்பத்தை நாசம் பண்ணிவிட்டதற்குத்தான் கோபம் போலிருக்கிறது என்று நினைத்து, வேறொரு புதுத் துடைப்பத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சிரித்தார். பெருக்குகிற அம்மா என்னைப் பார்த்தார். "நீயாச்சும் சொல்லேன் புள்ள." நான் அங்கே வாயைத் திறக்காதவள் ஆயிற்றே.

தாடிச் சாமியார் வந்தார். மருந்துக்கடைப் பஞ்சில் தாடி, திரைச்சீலையில் அங்கி. உள்ளே ஜெர்மன் சார்தான் என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பெரிய நோட்டைப் பிரித்து ஒவ்வொரு பிள்ளையும் செய்த நல்லது கெட்டதைப் படித்தார். என் முறை வந்தது. அவர் படித்ததை டிரைவர் அண்ணன் தமிழில் சொன்னார்: "நல்லா பாடற. ஆனா ஏன் எப்பவும் தரையவே பாக்கற?" பிறகு சாமியார், வாசலில் வரிசையாக வைத்திருந்த ஏழு சின்ன ஷூக்களுக்கு நடுவில் என்னுடையதைத் தூக்கினார். குதிகால் நம்பரைச் சத்தமாகப் படித்தார். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அதில் ஆரஞ்சுப் பழம், வேர்க்கடலை, பிஸ்கட் எல்லாம் மற்றவர்களுக்குப் போட்டதைப்போல் இரண்டு மடங்கு போட்டு, மேலே ஒரு கட்டு ஈர்க்குச்சியைச் செருகி என் கையில் கொடுத்தார். எட்டுப் பேருக்கும் கொடுத்தார். அந்த நாலு வயதுப் பையன் தன் கட்டை எடுத்து அவன் அப்பா தொடையிலேயே ஓர் அடி போட்டான்.

வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா நின்றுகொண்டிருந்தாள், பலகையில் ஒற்றை பூட்ஸைப் பார்த்துவிட்ட முகத்தோடு. அவளுக்கு முன்னால் மேஸ்திரி வீட்டு அத்தை என் கையைப் பார்த்துவிட்டார். அவர் குரல் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே, ஒரு தடவை பேசினால் லைனில் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். "ஐயையோ, வந்து பாருங்களேன் இந்த அநியாயத்த! செருப்புல தொடப்பக்கட்டையச் சொருவிக் குடுத்து அனுப்பியிருக்கானுங்க! சோத்துப் பண்டத்த வேற அதுல போட்டிருக்கானுங்க!" நீங்களெல்லாம் ஓடி வந்தீர்கள். உங்களில் ஒருத்தன் ஆரஞ்சை எடுக்கக் கை நீட்டி, அவன் அம்மாவிடம் அடி வாங்கினான்.

அந்த நேரம் பார்த்து அப்பா பஸ் இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். குதிகால் நம்பரை விரலால் தடவினார். "என் நம்பரு இருக்குது" என்றார் மெதுவாக. "பாத்துட்டுதான் வெச்சாங்களா?"

"ஆமாம்ப்பா. படிச்சாங்க. சிரிச்சாங்க" என்றேன். அது உண்மைதான்.

அம்மா என் தலைமுடியைப் பிடித்தாள். "ஆரக் கேட்டுடி அத எடுத்தே? ஜனவரி வரைக்கும் ஒழுங்கா இருன்னு சொன்னாரா இல்லியா?" கை ஓங்கிவிட்டாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு என் முன்னால் குந்தினார். "பாப்பா, எல்லாப் பிள்ளைக்கும் இத வெச்சாங்களா, உனக்கு மட்டும்தானா?"

ஓங்கின கை அப்படியே தலைக்கு மேலே நிற்கிறது. எல்லாருக்கும்தான் என்றால் தப்பு முழுக்க என்னுடையது: பூட்ஸைத் திருடினவள், அப்பாவை ஊர் சிரிக்க வைத்தவள். மண்டைக்குள் ஓடினது இவ்வளவுதான், சாமி சத்தியமாக.

"எனக்கு மட்டும்தான்" என்றேன்.

கை இறங்கியது. அம்மா என்னை இழுத்து வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மேஸ்திரி வீட்டு அத்தை என் கன்னத்தை வழித்து, "பச்சப் புள்ளய இப்படிப் பண்ண அவனுங்களுக்கு எப்படித்தான் மனசு வந்துச்சோ" என்றார். லைனே எனக்காக அழுதது. வெட்கமாக இருக்கிறது சொல்வதற்கு, எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்பா பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆரஞ்சு, கடலை எல்லாம் குப்பைக்குப் போய்விட்டது. சாயங்காலம் அம்மாதான் கெஞ்சினாள். "ஏங்க, இன்னும் ஒரு மாசந்தானே. பல்லக் கடிச்சிக்கிட்டுப் போய்ட்டு வந்துருங்க. நாளைக்கு அந்தாளு ஷிஃப்டுக்கு வர்றப்ப நீங்க இல்லன்னா பேரே போய்ரும்." பிறகு என்னிடம், "பூட்ஸ நல்லா உதறி, உள்ள தொடச்சி, மேல வையி" என்றாள். எனக்கு அதைத் தொடவே பயம். வெளிப்பக்கம் மட்டும் துணியால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைத்துவிட்டேன். உதறவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரை சங்கு ஊதினது. அப்பா எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டார். பனியில் வாசல் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போகிறார், போய்விடுவார், எல்லாம் சரியாகிவிடும். வலது பூட்ஸ் மாட்டினார். இடது பூட்ஸ் மாட்டினார். எழுந்து இரண்டு அடி வைத்தார். "ஸ்ஸ்" என்று நின்றார். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து இடது பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒரு விரல் நீள ஈர்க்குத் துண்டு. பிடுங்கினார். சின்னதாக ஒரு பொட்டு ரத்தம். அந்தத் துண்டை விளக்குக்கு நேரே பிடித்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வலது பூட்ஸையும் கழற்றினார். எல்லோருக்கும்தான் வைத்தார்கள் அப்பா என்று ஒரு வார்த்தை, நாக்கு நுனி வரை வந்தது. போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை ஜீப் டிரைவர் அண்ணன் தேடி வந்தார். முனை டீக்கடையில் நின்று இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். அப்பா போகவில்லை. சொல்லாமல் லீவ் போட்ட கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு வாரத்தில் என்ன ஆகுமோ அது ஆயிற்று. பொங்கலுக்கு முன்னாலேயே தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக் குருபரப்பள்ளிக்குப் போய்விட்டோம். ஹைவே ஓரம் ஒரு வெல்டிங் பட்டறையில் அப்பா இருபத்தைந்து வருஷம் கேட்டும் கிரில்லும் செய்தார். மண்ணெண்ணெய் அடுப்பு என் கல்யாணம் வரை மாறவில்லை. அம்மா போய்ச் சேரும்வரை அந்த ஜெர்மன்காரர்களைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு தடவை திட்டும்போதும் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் மகள் நர்ஸ் வேலைக்கு எங்கே போயிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும். ஓசூரிலேயே பாஷை படித்து, பரீட்சை எழுதி, ஜெர்மனிக்கே போய்விட்டாள். ஆறு மாதம் சோதனைக் காலம், அதற்கப்புறம்தான் நிரந்தரம். அங்கே தமிழர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்று விதியாம். கேட்டதும் எனக்கு அந்தப் பச்சைத் தொப்பிதான் ஞாபகம் வந்தது.

போன டிசம்பரில் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். வார்டு வாசலில் நர்ஸுகளின் ஷூக்கள் வரிசையாக; ஒவ்வொன்றிலும் சாக்லேட், ஆரஞ்சு, ரிப்பன் கட்டின ஒரு பிடி குச்சி. "அம்மா, இங்க இது ஒரு ஜாலி வழக்கம். என்னுது மூணாவது" என்று எழுதியிருந்தாள். அப்பா என்னோடுதான் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டது. காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் இனிமேல் எத்தனை டிசம்பர் வரும்? கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்பா, அன்னைக்கி எல்லாப் பிள்ளைக்கும்தான் வெச்சாங்க. எட்டுக் கட்டு. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும். டிரைவரு அந்தச் செவ்வாக்கெழமையே சொல்லிட்டான்."

"தெரிஞ்சுமா போவல? என்னை ஒரு வார்த்தைகூடக் கேக்கலியேப்பா."

"ஒம்போது வயசுப் புள்ளய என்னாத்தக் கேக்கறது?" என்றார். "அந்தப் பிள்ளைங்களுக்கு அது வெளையாட்டும்மா. செருப்பத் தலைல வெச்சிக்கிட்டு நடந்தவன் பின்னால போனவன் நானு. எனக்கு எப்படி அது வெளையாட்டாவும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "போயிருக்கலாம். அப்ப கோவம் ஜாஸ்தி எனக்கு. உங்கம்மா பாவம், ரொம்ப கஷ்டப்பட்டுட்டா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. போட்டோவை விரலால் பெரிசாக்கத் தெரியாமல் தடவிக்கொண்டே இருந்தார். நான் பெரிசாக்கிக் கொடுத்தேன். மூன்றாவது ஷூவை, பேத்தியின் ஷூவை, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவள இன்னும் பர்மனென்ட் பண்ணலைல்ல?"

"இல்லப்பா. இன்னும் ரெண்டு மாசம் இருக்குது."

"போன் போட்டுச் சொல்லு" என்றார். "அந்த ஷூவ நல்லா ஒதறிட்டுக் கால வெக்கச் சொல்லு."